பருவ இறுதி மடலும் போன்சாய்க் கண்காட்சி குறித்த ஒரு வேண்டுகோளும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். பருவத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விளையாட்டு விழாவில் எல்லா வகுப்பினரும் உற்சாகத்துடன் கலந்துகொண்டனர். பேச்சு, ஓவியப் போட்டிகளிலும் நம் மாணவர்கள் பரிசு பெற்றுள்ளனர். அனைவருக்கும் என் பாராட்டுகள்.

இப்பருவத்தில் சற்று விரிவாகக் குறிப்பிட வேண்டியது, ஏழாம் வகுப்பு மாணவர்கள் போன்சாய்க் கண்காட்சிக்குச் சென்று வந்ததைத்தான். ஏறத்தாழ எல்லோருக்கும் அது முதல் அனுபவம். போன்சாய் என்பது ஏதோ குள்ள இனம் என்று எண்ணிச் சென்ற பிள்ளைகள், அவை சாதாரண மரங்களே என்றும், வேரையும் கிளையையும் காலமறிந்து கத்தரிப்பதாலேயே சிறிதாக நிற்கின்றன என்றும் அறிந்து திரும்பினர். இலைகள் சிறுத்திருந்தும் கனி மட்டும் வழக்கமான அளவிலேயே தொங்குவது ஏன் என்று ஒரு மாணவி கேட்ட கேள்வி, அங்கிருந்த வளர்ப்பாளர்களையே மகிழ்வித்தது. 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்பட்டு, 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் பிழைத்து, 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டு இன்றும் வாஷிங்டனில் உள்ள வெள்ளைப் பைன் மரத்தைப் பற்றி அறிவியல் ஆசிரியர் சொன்னதைப் பலர் தம் குறிப்பேட்டில் எழுதி வந்துள்ளனர்.

அத்தனை தலைமுறைகள் பேணிய மரத்தைப் பற்றிக் கேட்டறிந்த அதே நாளில், அதே அரங்கில் நிகழ்ந்த ஒன்றை வருத்தத்துடன் எழுதவேண்டியுள்ளது. உடன் வந்திருந்த பெரியவர்களில் சிலர் படம் எடுப்பதற்காகத் தடுப்புக் கயிற்றைத் தாண்டிச் சென்றனர். ஒரு தொட்டி, கைப்பேசிக்கு வாகாகத் திருப்பி வைக்கப்பட்டது. மற்றொரு மரத்தில் வெளுத்து நீண்டிருந்த குச்சி, பட்டுப்போன கிளை என்று கருதப்பட்டு ஒடிக்கப்பட்டது. அது நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அது பட்டுப்போனதென்று விடப்பட்ட கிளை அன்று. முதிர்ந்த மரத்தின் தோற்றம் வருவதற்காகப் பட்டையை உரித்து, சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலைப் பூசி, வளர்ப்பாளர் பார்த்துப் பார்த்து உருவாக்கிய பகுதி. போன்சாய்க் கலையில் அதற்கு ஜின் என்று பெயர். உயிருள்ள கிளை முறிந்தாலாவது மீண்டும் துளிர்க்க வாய்ப்புண்டு. ஜின் ஒடிந்தால் ஒடிந்ததுதான்.

தொட்டியைத் திருப்பியதும் சிறிய செயல் அன்று. ஒவ்வொரு மரத்துக்கும் முன்பக்கம் இதுதான் என்று வளர்ப்பாளர் முடிவு செய்து, அதற்கேற்பவே ஆண்டுக்கணக்கில் கிளைகளை அமைக்கிறார். கம்பி சுற்றி வளைக்கப்பட்ட கிளையில் கை பட்டால், வளைவு கலைவதோடு கிளையே பிளக்கவும் கூடும்.

யாரையும் சுட்டிக்காட்டுவது இம்மடலின் நோக்கம் அன்று. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கயிற்றைத் தாண்டியவர்கள் மாணவர்கள் அல்லர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளின் கண்ணெதிரே பெரியவர்கள் விதியை மீறினால், வகுப்பறையில் நாங்கள் சொல்லும் எதற்கும் மதிப்பிருக்காது. அடுத்த பருவத்தில் எட்டாம் வகுப்பினர் இத்தகைய கண்காட்சிக்குச் செல்லவுள்ளனர். அரங்கினுள் இருக்கும் நேரம் முழுவதும் உடன் வருவோரின் கைப்பேசி பைக்குள் இருக்க வேண்டும். அமைப்பாளர்கள் அனுமதித்தால், பார்வையிட்டு முடித்த பின், கயிற்றுக்கு வெளியே நின்று, ஃபிளாஷ் இல்லாமல் ஆசிரியர் ஒருவரே படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவார். மரத்தையோ தொட்டியையோ மண்மேல் பரப்பிய பாசியையோ தொடுபவர், அவர் யாராயினும், இனிவரும் கல்விப் பயணங்களில் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார். இதில் விதிவிலக்கு கோரி அலுவலகத்துக்கு வரவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டால் பார்ப்பதற்கு நிறையவே இருக்கிறது. மரத்தின் நேர் முன்னே நின்று, அடிமரத்தின் நடுப்பகுதி கண்மட்டத்துக்கு வருமாறு சற்றுக் குனிந்து பாருங்கள். மண்ணைப் பற்றிப் பரவும் மேல்வேர்களில் தொடங்கி உச்சி வரை பார்வையைக் கொண்டு செல்லுங்கள். மேலிருந்து பார்ப்பவருக்குச் செடியாகத் தெரிவது அப்போது மரமாகத் தெரியும். பிள்ளைகளுக்கு இந்தச் சிரமம் இல்லை. அவர்களின் உயரமே போதுமானதாக இருந்தது.

அன்று குழுக்களைப் பொறுமையுடன் வழிநடத்திய பெற்றோர்களுக்கும், கிளை ஒடிந்ததை மறைக்காமல் தாமே முன்வந்து அமைப்பாளரிடம் தெரிவித்து வருத்தம் கூறியவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்த நேர்மையை வளர்ப்பாளரும் பெரிதாக மதித்தார். அடுத்த பயணத்துக்கு உடன் வர விரும்புவோர், இணைப்பிலுள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு, விடுமுறை தொடங்கும் முன் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்