தொலைத்தொடர்புக் கட்டணத்துக்கு உச்சவரம்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொலைத்தொடர்புக் கட்டணங்களைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்ற வாதம், உண்மையான போட்டி நிலவும் இடத்தில் மட்டுமே பொருந்தும். அலைக்கற்றை, கோபுரங்கள், கண்ணாடி இழை வடங்கள் ஆகியவற்றில் முதலிலேயே பெருந்தொகையை முடக்க வேண்டியிருப்பதால், இத்துறையில் காலப்போக்கில் சில நிறுவனங்களே எஞ்சுகின்றன. அவற்றுள் ஒன்று கட்டணத்தை உயர்த்தினால் மற்றவையும் தயக்கமின்றிப் பின்தொடர்கின்றன.

பிரிட்டன் 1984-இல் பிரிட்டிஷ் டெலிகாமைத் தனியார்மயமாக்கியபோது, அதன் முக்கியக் கட்டணங்களின் சராசரி உயர்வு, சில்லறை விலைவாசி உயர்வைவிட ஆண்டுதோறும் 3 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருக்க வேண்டும் என்று வரம்பு விதித்தது. இலாபத்தைத் தொடாமல் விலையை மட்டும் கட்டுப்படுத்தியதே இம்முறையின் சிறப்பு. செலவைக் குறைத்துத் திறம்பட இயங்கும் நிறுவனம், அடுத்த மறுஆய்வு வரை அந்த மிச்சத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம். வரம்பு மிகக் கடுமையானால் முதலீடு குறையும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்குத் தீர்வு முறையான மறுஆய்வுதானே தவிர, கட்டுப்பாட்டையே கைவிடுவதன்று.

வாடிக்கையாளரின் கண்ணில் படாத கட்டணங்களுக்குத்தான் கண்காணிப்பு அதிகம் தேவை என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் வேறொரு நிறுவனத்தின் எண்ணை அழைக்கும்போது, அந்த அழைப்பைச் சேர்ப்பிக்க அந்நிறுவனத்தைத் தவிர வேறு வழியில்லை. எத்தனை போட்டியாளர்கள் இருந்தாலும் அங்கே அது ஏகபோகமே. எல்லை கடந்த பயன்பாட்டிலும் நிலைமை இதுவே. ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பு நாடுகளுக்கிடையிலான ரோமிங் கூடுதல் கட்டணத்தை, நியாயமான பயன்பாட்டு வரம்புக்குட்பட்டு, 2017 ஜூனில் நீக்கியது. பல ஆண்டுகளாகச் சந்தை தானாகச் செய்யாததைச் சட்டமே செய்தது. ஒழுங்குமுறை ஆணையங்கள், நிறுவனங்கள் இவற்றுக்காக ஒன்றுக்கொன்று செலுத்தும் இந்த மொத்தவிலைக் கட்டணங்களின் கணக்கீட்டை முழுமையாக வெளியிட வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்