மலை ரோட்டைப் பாத்துக்கிற அய்யாமார்களுக்கு: மேட்டுப்பக்கம் கத்தி வைக்காதீங்க

அய்யா வணக்கம்ங்க.

உங்க பேரு, ஆபீஸ் பேரு எதுவும் இதுல போடல. பொள்ளாச்சில இருந்து வால்பாறைக்கு ஏறுற ரோட்ல வருசா வருசம் செடி கொடிய வெட்டச் சொல்லி ஆர்டர் போடுறது யாரு, பில்லு பாஸ் பண்றது யாருன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அது போதும். போன வாரம் இந்த வருசத்து வெட்டும் முடிஞ்சுது. வழக்கமா தார் ரோட்டை ஒட்டி ரெண்டடி மூணடி புல்லு வெட்டுவாங்க, அதுக்கு நாங்க யாரும் ஒண்ணும் சொன்னதில்ல, ஆனா இந்தத் தடவை பிரஷ் கட்டர்னு சொல்ற புதர் அறுக்கிற மெஷினைத் தூக்கிட்டு மேட்டு மேலயே ஏறி ஆள் உசரத்துக்கு மேல வழிச்சு எடுத்துட்டாங்க, அத நீங்க ஜீப்ல வந்து பாத்துட்டும் போயிருக்கீங்க.

நான் ரோடே வேணாம்னு சொல்ற ஆள் இல்லீங்க, இத மொதல்லயே சொல்லிடுறேன். இந்த ரோடு என்னை விட யாருக்கும் அதிகமா தேவைப்படாது. வாரத்துல ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், எங்கம்மாவ டயாலிசிஸுக்கு பொள்ளாச்சி கூட்டிட்டுப் போறேன். 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு, காலைல அஞ்சு மணிக்கு வண்டிய எடுத்தாத்தான் மொத ஷிப்ட்ல பெட் கிடைக்கும். போறப்ப பசியோட போவாங்க, வர்றப்ப சீட்டை சாய்ச்சுப் போட்டு கண்ண மூடிட்டு வருவாங்க, ஏதாச்சும் ஒரு குழில சக்கரம் விழுந்தா "டேய் மெதுவா"ன்னு மட்டும் ஒரு சத்தம் வரும். நாலு வருசமா இதேதான். அதனால குழி மூடுறது, ஓரத்துல சுவர் கட்டுறது, வளைவுல கண்ணாடி வைக்கிறது எதுக்கும் நான் குறுக்க நிக்கப் போறதில்ல.

எங்கம்மா முப்பத்தோரு வருசம் தேயிலை கிள்ளினவங்க. எஸ்டேட்ல வேலை செஞ்சவங்களுக்கு செடியப் பாக்குற கண்ணு தனி. அட்டகட்டி தாண்டி ஒரு வளைவு இருக்கு, எந்த வளைவுன்னு நம்பர் போட மாட்டேன், போட்டா மிச்சம் இருக்கிறதும் போயிரும். அந்த வளைவுல மேட்டுப்பக்கம் பாறை இடுக்குல ஒரு குங்கிலியக் கன்னு இருந்துச்சு. கருங்குங்கிலியம்னு சொல்வாங்களே, இந்தக் காட்டுப் பழங்குடி காடருங்க பிசின் எடுத்துட்டு வந்து குடுப்பாங்க, சாம்பிராணி மாதிரி போட்டா வீடே மணக்கும், அந்த மரம். அதோட கன்னு துளிர் விட்டா இலை பச்சையா இருக்காதுங்க, நல்ல ரத்தச் செவப்பு. மழை பெஞ்சு ஓஞ்ச காலைல, பின்னாடி முழுக்க இருட்டுப் பச்சையா காடு நிக்க, முன்னாடி இது ஒண்ணு மட்டும் விளக்கு வச்ச மாதிரி தெரியும். மொத தடவை டயாலிசிஸுக்குப் போன அன்னைக்கு பயத்துல ஒரு வார்த்தை பேசாம வந்த அம்மா அந்த வளைவுல மட்டும் "இங்க பாரு, செவப்பா ஒரு செடி"ன்னாங்க. அப்ப அது முழங்கால் உசரம். அன்னைல இருந்து போறப்பயும் வர்றப்பயும் அந்த வளைவு வந்தா கண்ணத் திறந்து பாப்பாங்க. இந்த வருசம் எங்கம்மா தோள் உசரத்துக்கு வந்துருச்சு. "நான் குறையுறேன், அது கூடுது"ன்னு ஒரு நாள் சிரிச்சாங்க.

போன வெள்ளிக்கிழமை அந்த வளைவுல வழக்கம் போல கண்ணத் திறந்தாங்க. மேடு மொட்டையா இருக்கு. செம்மண்ணும், அறுத்த தண்டுங்களோட வெள்ளைக் குருத்தும்தான். வெட்டினத கீழ தள்ளி குவிச்சு நெருப்பு வச்சிருக்காங்க, ஈரமா இருந்ததால பாதி எரியாம புகைஞ்சுட்டு கிடக்கு, அந்தப் புகைல குங்கிலிய வாசனை. எங்கம்மா ஒண்ணும் கேக்கல, கண்ண மூடிக்கிட்டாங்க. செவ்வாய்க்கிழமை அந்த இடம் வந்தப்ப கண்ணத் திறக்கவே இல்ல.

ஒரு செடிக்கு இவ்வளவு கதையான்னு நினைப்பீங்க. சரி, கதைய விடுங்க, கணக்கைப் பேசுவோம்.

இந்தக் காட்டை மறுபடி வளர்க்க கன்னு நடுற வேலை வால்பாறைல இருபது வருசத்துக்கு மேல நடக்குது, உங்களுக்கே தெரியும். ரெண்டு மழைக்காலம் என் பிக்கப்ல அந்தக் கன்னுங்கள ஏத்திட்டுப் போயிருக்கேன், அங்க கேட்டுக் கத்துக்கிட்டதுதான் இதெல்லாம். மழைக்காட்டு மரத்து விதை நெல்லு, கம்பு மாதிரி இல்லீங்க, டப்பால போட்டு வச்சு அடுத்த வருசம் விதைக்க முடியாது. பல மரத்து விதை விழுந்த கொஞ்ச நாள்லயே முளைச்சாகணும், இல்லன்னா செத்துரும். முளைச்சாலும் சின்ன வயசுல நிழல் வேணும், ஈரம் வேணும். அதனால ரோட்டோரம் விழுந்து கிடக்கிற விதையா தேடிப் பொறுக்கி, நர்சரில பை போட்டு, தண்ணி ஊத்தி, ஒரு வருசம் ரெண்டு வருசம் வளர்த்து, ஜூன்ல மழை பிடிச்சதும் அட்டைக்கடி வாங்கிட்டு சரிவுல ஏறி நட்டு, அப்புறம் களை எடுத்து காப்பாத்தணும். இவ்வளவும் பண்ணினாலும் எல்லாம் பிழைக்காது. அதே கன்னு உங்க ரோட்டு மேட்டுல சும்மா வருது. இருவாச்சிப் பறவை பழத்த முழுங்கிட்டு வந்து கொட்டைய கக்கிட்டுப் போகுது, மரநாய் ராத்திரில வந்து எச்சம் போட்டுட்டுப் போகுது, முளைக்குது. வெள்ளை அகில், நாங்கு, வெடிப்பலா, காட்டு ஜாதிக்காய் எல்லாம் அந்த மேட்டுல கைச்செலவு இல்லாம நின்னுச்சு. பறவையும் மிருகமும் கூலி வாங்காம நட்டத நீங்க கூலி குடுத்து வெட்டியிருக்கீங்க.

வெட்டின இடத்துல மறுபடி அதே கன்னு வரும்னு நினைச்சா, வராதுங்க. நிழல் போயி வெயில் படுற இடத்துல மொதல்ல வர்றது உண்ணிச்செடி, லாண்டானான்னு சொல்ற களை. அது ஒரு தடவை வந்துட்டா வேற எதையும் தலை தூக்க விடாது, அத வெட்ட அடுத்த வருசமும் காண்ட்ராக்ட், அதுக்கு அடுத்த வருசமும் காண்ட்ராக்ட். யாருக்கு லாபம்னு நான் சொல்லல. அது போக, அந்த மேட்டு மண்ணப் புடிச்சு வச்சிருந்தது வேருதான. வருசத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுற மலைல வேரை எடுத்துட்டு மண்ணு மட்டும் நிக்கும்னு எந்த இன்ஜினியர் சொன்னாரு? போன ஆகஸ்ட்ல வேற ஒரு வளைவுல, ஜேசிபி வச்சு செதுக்கின அதே இடத்துல மண்ணு சரிஞ்சு, டயாலிசிஸ் முடிஞ்சு வந்த அம்மாவ வச்சுக்கிட்டு மூணு மணி நேரம் வண்டிக்குள்ளயே இருந்தேன். மண்ண அள்ள வந்ததும் ஜேசிபிதான்.

மேல கிளைய வெட்டுறத பத்தியும் சொல்லணும். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற மரம் மேல கை கோர்த்த மாதிரி இருக்கிற இடம் இந்த வழில கொஞ்சம்தான் மிச்சம். சிங்கவால் குரங்கு மரத்துலயே வாழுற ஜாதிங்க. முகத்தைச் சுத்தி சாம்பல் பிடரி, வால் நுனில குஞ்சம், உலகத்துல மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா வேற எங்கயும் கிடையாது. கிளை கோர்த்திருந்தா மேலயே தாண்டிப் போயிரும், கீழ வண்டி போறதக் கூட கண்டுக்காது. கிளைய வெட்டிட்டா கீழ இறங்கித்தான் ஆகணும். இறங்கினா வண்டி. வால்பாறை பக்கம் புதுத்தோட்டம் எஸ்டேட்ல அதுங்க தாண்டுறதுக்குன்னு மேல தொங்கு பாலம் கட்டி விட்டிருக்கே, ஒரு இடத்துல செலவு பண்ணி பாலம் கட்டுறோம், இன்னொரு இடத்துல கடவுள் கட்டின பாலத்த ரம்பம் போட்டு அறுக்கிறோம், ரெண்டும் ஒரே ரோடு.

அந்த வெடிப்பலா மரத்த ஒரு தடவை பூக்குற நேரத்துல நின்னு பாருங்கய்யா. பூ இலைக்கு நடுவுல வராது, கிளையோட தண்டுலயே கொத்துக் கொத்தா ஒட்ட வச்ச மாதிரி வரும். வேற பழம் அதிகம் இல்லாத மாசத்துல அந்தப் பூவ நம்பித்தான் சிங்கவாலு, கருமந்தி, மலையணில், ராத்திரில வவ்வால் எல்லாம். ஒரு மரத்துக்குக் கீழ வண்டிய நிறுத்தி அரை மணி நேரம் இருந்தா மேல ஒரு சந்தையே நடக்கிற மாதிரி சத்தம் கேக்கும். இந்த மலைல 1890-கள்ல தோட்டம் போட ஆரம்பிச்சதுல இருந்து வெட்டி வெட்டி, வால்பாறைய சுத்தி இப்ப அந்தக் காடு நாப்பது சொச்சம் துண்டா நிக்குது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல தேயிலை, ரோடு, எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கிற லைன் வீடு. ரோட்டோரம் நிக்கிற இந்த ஒரு வரிசைதான் பல இடத்துல ஒரு துண்டையும் இன்னொண்ணையும் இழுத்துக் கட்டியிருக்கிற கயிறு.

ஆனா ஜூன் அஞ்சாம் தேதி, சுற்றுச்சூழல் தினம் வந்தா மட்டும் நமக்கு மரத்து மேல பாசம் வந்துரும். போன வருசம் இதே ரோட்ல பேனர் கட்டி, ஷாமியானா போட்டு, கூண்டு வச்சு நட்டது என்ன கன்னு? புங்கன். அய்யா, புங்கன் நல்ல மரம்தான், எங்க பாட்டி ஊர்ல வாய்க்கா கரைல நிக்கும், ஆனா மழைக்காட்டு நடுவுல புங்கன் நடுறது ஊட்டில பனங்கொட்டை போடுற மாதிரி. பிப்ரவரில அகிலை வெட்டி ஜூன்ல புங்கன் நடுறதுக்கு ரெண்டு பில்லு. பக்கத்துலயே "வனத்தைக் காப்போம், வளத்தைப் பெருக்குவோம்"னு பச்சை போர்டு, அந்த போர்டை நடுறதுக்கும் ரெண்டு கன்னு வெட்டியிருந்தாங்க.

டூரிஸ்ட் கேக்குறாங்க, ரோடு நீட்டா இருக்கணும்னு சொல்றாங்கன்னு ஒரு பதில் வரும். வர்றவங்க எதப் பாக்க வர்றாங்க? மண்ணு மேட்டப் பாக்கவா? சிப்ஸ் பாக்கெட்ட குரங்குக்கு நீட்டி போட்டோ எடுக்கிறவன், வியூ பாயிண்ட்ல பாட்டில உடைச்சுட்டுப் போறவன், வளைவுல பாட்டை அலற விட்டு ஆடுறவன், இவனுங்களுக்காக காட்டை முடி வெட்டி விடணுமா? லீவு நாள்ல எங்கம்மாவ வச்சுக்கிட்டு நான் எத்தன மணி நேரம் இவனுங்க பின்னாடி ஊர்ந்து வந்திருக்கேன் தெரியுமா, வழி விடுங்கன்னு இறங்கிக் கேட்டா ஒரு ஆளு என்கிட்ட... சரி வேணாம். மன்னிச்சுக்கோங்க, வேற எங்கயோ போயிட்டேன், இது உங்க தப்பு இல்ல.

சிறுத்தை பயம்னு நீங்க சொன்னா நான் வாய மூடிக்குவேன். அது பொய் பயம் இல்ல, இங்க லைன் வீட்டு வாசல்ல புள்ளைங்களப் பறிகொடுத்த ஊரு இது. லைன் வீட்டைச் சுத்தி, பள்ளிக்கூடம் போற பாதைல, கக்கூஸ் போற வழில புதரை வெட்டுங்க, கும்பிட்டு வரவேற்கிறேன், ஆள் பத்தலன்னா நானே கத்திய எடுத்துட்டு வர்றேன். ஆனா வெட்ட வேண்டிய அந்த இடமெல்லாம் அப்படியே கிடக்கு. ஆளே குடியிருக்காத காட்டு மேட்டுலதான் பிரஷ் கட்டர் ஏறுது.

அப்புறம் கீழ இருக்கிறவங்களும் இதக் கேக்கணும். இந்த மலைல விழுற தண்ணிதான் சோலையாறு, நீராறுன்னு அணை அணையா சுத்தி ஆழியாறு வரைக்கும் வருது, பொள்ளாச்சி தென்னைக்கும் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்த நம்பி இருக்கிற கோயமுத்தூர், திருப்பூர் வயலுக்கும் அதான். மழை எல்லாத்தையும் ஒரே நாள்ல கீழ உருட்டி விடாம, இலைலயும் பாசிலயும் மக்கின சருகுலயும் வாங்கி வச்சு கொஞ்சம் கொஞ்சமா கசிய விடுறது இந்தக் காடு. மழை விட்டு மாசம் கழிச்சும் பாறைல சொட்டுற தண்ணிய அந்த வளைவுல நீங்களே பாத்திருப்பீங்க, லாரிக்காரங்க பாட்டில்ல புடிப்பாங்க.

2012ல யுனெஸ்கோ உலக பாரம்பரியம்னு மேற்குத் தொடர்ச்சி மலைல 39 இடத்த எழுதினப்ப நம்ம ஆனைமலைல கிராஸ் ஹில்ஸ்ங்கிற புல்லுமலையும் கரியன் சோலையும் அதுல சேந்துச்சு. அந்தப் பெருமைய பேசுற அளவுக்கு வேணாம், ஒரு சின்ன உத்தரவு போதும். நான் கேக்குறது இவ்வளவுதாங்க: தாரை ஒட்டி மூணடிக்கு புல்லு வெட்டிக்கோங்க, வளைவுல எதிர வர்ற வண்டி தெரியுற அளவுக்கு வெட்டிக்கோங்க, அதுக்கு மேல மேட்டுப்பக்கம் கத்தி வைக்காதீங்க. மேல கிளை கோர்த்திருக்கிற இடத்துல ரம்பம் வைக்காதீங்க. காஞ்சு விழுற மாதிரி நிக்கிற மரம்னா நீங்களே வந்து பாத்து அத மட்டும் எடுங்க. வெட்டினதுக்கு நெருப்பு வைக்காதீங்க.

வெட்ட வர்ற ஆளுங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. வெளியூர்ல இருந்து தினக்கூலிக்கு வர்ற பசங்க, அவங்களுக்கு எது அகில் எது உண்ணின்னு யாரும் சொல்லிக் குடுக்கல, இத்தன மீட்டர் முடிச்சா இத்தன ரூவான்னு மேஸ்திரி சொன்னாரு, முடிச்சாங்க. அதனால ஒரு யோசனை. அடுத்த வருசம் வெட்டு என்னைக்கு ஆரம்பிக்குதுன்னு ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்க போதும். காட்டு மரக்கன்னு எதுன்னு தெரிஞ்ச நாலு பேர கூட்டிட்டு வந்து, ஒவ்வொரு கன்னுலயும் செவப்புத் துணி கட்டி விடுறோம். துணி கட்டினத விட்டுட்டு மிச்சத்த வெட்டச் சொல்லுங்க. துணிச் செலவு எங்களது, உங்களுக்கு ஒரு ரூவா செலவு இல்ல, பில்லுலயும் குறையாது.

போன செவ்வாய் வர்றப்ப நான் மட்டும் வண்டிய நிறுத்தி இறங்கிப் பாத்தேன், அம்மா தூங்கிட்டிருந்தாங்க. குங்கிலியத்தோட அடித்தண்டு ஒரு சாண் மிச்சம் இருக்கு, பட்டை பச்சையாதான் இருக்கு. தழையுமான்னு பாத்துட்டிருக்கேன். அந்த ஒரு சாணையாவது இனி யாரும் தொடாம இருக்க ஒரு வார்த்தை மேஸ்திரிகிட்ட சொல்லி வைங்கய்யா, தயவு செஞ்சு.

எப்ப கூப்பிட்டாலும் வர்றேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வேணாம்.

இப்படிக்கு,
உங்க ரோட்ல வாரம் நாலு தடவை ஏறி இறங்குற ஒருத்தன்