அம்மாவின் படம் இன்னும் எத்தனை போனில் இருக்கிறது?

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் பயிற்சி மருத்துவர் என் அம்மாவின் புண்ணைச் சொந்தப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டது பற்றிய என் புகார் உங்களிடம் இருக்கிறது. அதில் எழுதாமல் விட்ட ஒன்றை இங்கே சொல்கிறேன்.

மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறாம் நாள். கட்டைப் பிரித்ததும் பயிற்சி மருத்துவர் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார். "ஒரு நிமிஷம், அசையாதீங்க" என்றார். எதற்கென்று சொல்லவில்லை. அம்மா போர்வையை மேலே இழுத்தார். செவிலியர் அதை இறக்கிவிட்டார். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இப்போது வீட்டில் நான் கட்டு மாற்றினாலும் அப்படித்தான் திருப்பிக்கொள்கிறார்.

படம் எடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. புண் ஆறுகிறதா என்று ஒப்பிட அது வேண்டும். சரி, அப்படியானால் மருத்துவமனைக் கேமராவில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்து, நேராக நோயாளியின் கோப்பில் சேருங்கள். சொந்தப் போனில் எடுத்தால் குடும்பப் படங்களோடு கேலரியில் கிடக்கும், தானாகவே கிளவுடுக்கும் போய்விடலாம். லொக்கேஷன் போட்டிருந்தால் எடுத்த இடமும் படத்துக்குள் பதிந்திருக்கும். வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகு யார் யார் சேமித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? "அவர் அழித்துவிட்டார்" என்ற உங்கள் பதில் எப்படிப் போதும்?

"கண்ணை மறைத்துத்தானே போட்டார்" என்றார்கள் உங்கள் அலுவலகத்தில். கண்ணை மட்டும் மறைப்பது போதாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவே சொல்கிறது. அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்த எங்கள் உறவுக்காரப் பெண், கழுத்து மச்சத்தை வைத்தே அம்மாவைக் கண்டுகொண்டார்.

வார்டு வாசலில் 'படம் எடுக்கத் தடை' என்ற பலகை இருக்கிறது. பாட்டியோடு ஒரு படம் எடுக்கப் போன பேரனைக் காவலர் தடுத்தார். அந்த விதி நோயாளியின் மானத்தைக் காக்கத்தான் என்றால், வெள்ளை கோட்டு போட்டவருக்கு மட்டும் ஏன் விலக்கு? அறுவை சிகிச்சைக்கு அம்மா போட்ட கையெழுத்து, படத்துக்குப் போட்டது அல்ல. சிகிச்சைக்கு, பாடம் நடத்த, வெளியிட என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னாலும் சிகிச்சை குறையக்கூடாது.

கோபத்தில் நீளமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்தப் படம் எந்தெந்தப் போனில் இருக்கிறது என்று விசாரித்து, அழித்து, எழுத்தில் தெரிவியுங்கள். வார்டில் சொந்தப் போனில் படம் எடுப்பதை நிறுத்துங்கள்.

அடுத்த வாரம் அம்மாவுக்கு மறுபரிசோதனை. அன்று படம் தேவைப்பட்டால், முதலில் அவரிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்