வாத்தியாரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரேசிலின் போசா நோவா இசையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஜோபிம், ஜில்பெர்ட்டோ, வினீசியஸ் என்று பெரிய தலைகள் எல்லாம் வந்துவிட்டன. கிதார் மேதை பேடன் பவலுக்கும் பாடகி நாரா லியாவோவுக்கும் தனி பத்தியே இருக்கிறது. ஆனால் அவர்கள் இருவருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்த இசையமைப்பாளர் மொவாசிர் சாந்தோஸ் பெயரை ஒரு வரியில்கூடக் காணோம்.

1965இல் ஃபோர்மா நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் இசைத்தட்டின் பெயர் ‘கொய்சாஸ்’. போர்த்துகீசில் வெறும் ‘சமாச்சாரங்கள்’ என்றுதான் அர்த்தம். ஐரோப்பிய மேதைகள் தங்கள் படைப்புகளுக்கு ‘ஓபஸ்’ (படைப்பு) என்று எண் போடுவார்கள் அல்லவா? அந்த அளவுக்குத் தன்னை உயர்த்திக்கொள்ளக் கூச்சப்பட்டு, ‘கொய்சா எண் 1’, ‘கொய்சா எண் 2’ என்று பத்து வரை எண் போட்டுவிட்டார். அதுவும் வரிசையாக இல்லை, தட்டு நான்காம் எண்ணில்தான் தொடங்குகிறது.

அந்த நான்காம் எண்ணைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். அடிக்குரல் ஊதுவாத்தியங்கள் ஒரு சின்னச் சொற்கட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் சொல்கின்றன, கனமான ஆள் ஒருவர் அவசரமே இல்லாமல் நடந்து வருவதைப்போல. அதன்மேல் மற்ற வாத்தியங்கள் ஏறிக்கொள்கின்றன. போசா நோவா என்றால் கடற்கரை, மாலைக் காற்று, காதோடு பாடும் குரல் என்றுதான் நமக்குப் பழக்கம். இதில் பாட்டே கிடையாது. இருப்பது ஆப்பிரிக்கத் தாளமும் சிற்றூர் பேண்டு வாத்தியக் குழுவின் ஊதலும்தான். ஜாஸ் இருக்கிறது, ஆனால் நியூயார்க்கைப் பார்த்து எழுதிய ஜாஸ் இல்லை.

காரணம் அவர் வளர்ந்த விதம். வடகிழக்கு பிரேசிலில் பெர்னாம்புகோ மாநிலத்தின் உள்நாட்டுப் பகுதியில் 1926இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். ஊர் பேண்டுகளில் கையில் கிடைத்த வாத்தியத்தை எல்லாம் ஊதக் கற்றுக்கொண்டு, பிறகு ரியோவுக்கு வந்து நேஷனல் ரேடியோவில் வாசித்தார். அங்கேயே இசை நடத்துநராகவும் உயர்ந்தார். கறுப்பினத்தவர் ஒருவருக்கு அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. இடையில் ஜெர்மனியிலிருந்து வந்த இசை ஆசிரியர் கோயல்ராய்ட்டரிடம் நவீன ஐரோப்பிய இசையும் படித்தார். பேண்டு, தாளம், படிப்பு மூன்றும் இந்தத் தட்டில் தையல் தெரியாமல் சேர்ந்திருக்கின்றன.

ஐந்தாம் எண்ணுக்கு ‘நனா’ என்றும் பெயர் உண்டு. ஆப்பிரிக்க வழிவந்த பிரேசில் சமயத்தில் சேற்றுக்கும் சதுப்புக்கும் உரிய முதிய பெண் தெய்வம் அவள். அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்களைப் பற்றிய ‘கங்கா சும்பா’ படத்திலும் இந்த மெட்டு வருகிறது. பிற்பாடு பலர் இதைச் சொற்களோடு பாடினார்கள். எனக்கு என்னவோ சொல் இல்லாத இந்த வடிவம்தான் பிடித்திருக்கிறது.

உங்கள் கட்டுரையாளர் ‘ஆசிகளின் சம்பா’ பாட்டைப் புகழ்ந்திருக்கிறார். அதில் கவிஞர் வினீசியஸ் முன்னோடிகளிடம் ஆசி கேட்டுக்கொண்டே வரும்போது, நீ ஒருவன் இல்லை, பலர் என்று சொல்லி வணங்குவது இந்த மொவாசிரைத்தான்! மெட்டுப் போட்டது சீடர் பேடன் பவல்.

1967இல் அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அங்கே புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக மூன்று தட்டுகள் செய்தார். நல்ல தட்டுகள்தான், ஆனால் ‘கொய்சாஸ்’ அளவுக்கு என்னை இழுக்கவில்லை. சொந்த ஊர் அவரை ஏறக்குறைய மறந்தே போனது. 2001இல் பிரேசில் இசைக்கலைஞர்கள் மாரியோ அட்னெட்டும் ஸே நொகெய்ராவும் அவருடைய இசையை ‘கறுப்புத் தங்கம்’ என்ற பொருள்படும் ‘ஓரோ நெக்ரோ’ தொகுப்பாகக் கொண்டுவர முனைந்தபோது, பழைய இசைக்குறிப்புகள் பல கையில் இல்லை. ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டே திரும்ப எழுத வேண்டியிருந்தது. நல்லவேளை, 2006இல் மறைவதற்குமுன் அதை அவர் கேட்டுவிட்டார்.

அடுத்த இதழில் அவருக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். அப்புறம், வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தத் தட்டைக் கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். அந்த அடிக்குரல் ஊதல் அதில் காதில் விழாது.

– ஒரு வாசகர், கும்பகோணம்