கிளட்சை மிதித்தால் 'டொக்' என்று கேட்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் பழைய கார்களைப் பற்றி வந்த கட்டுரையை இங்கே கவென்ட்ரியில் காலைக் காபியோடு படித்தேன். படத்தில் இருந்த வெள்ளை ஸ்டாண்டர்டு ஹெரால்டு பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. அதன் சொந்தக்காரர் ஓரிடத்தில், கிளட்சை மிதித்தால் முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், வயசான வண்டி முனகத்தானே செய்யும் என்று சொல்லியிருக்கிறார். எழுதியவரும் அதை ரசித்து அப்படியே போட்டுவிட்டார். அது ரசிக்கிற சத்தம் இல்லை ஐயா, இன்ஜினே போய்விடலாம் என்ற எச்சரிக்கை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பெருங்களத்தூர்ப் பையன். ஹெரால்டு செய்த தொழிற்சாலை எங்கள் பக்கம்தான் இருந்தது. தாம்பரத்தில் சித்தப்பாவுக்குப் பட்டறை. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் பெட்ரோலில் போல்ட் நட்டு கழுவிக் கொடுப்பது என் வேலை. ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் கவிழும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். அந்தச் சுகம் இன்றைக்கு எந்த வண்டியில் இருக்கிறது?

பிறகு பிழைப்பு என்னைக் கொண்டுவந்து போட்ட ஊர், ஹெரால்டு முதலில் பிறந்த இதே கவென்ட்ரி. கேன்லி என்ற பகுதியில் இருந்த அந்தப் பெரிய தொழிற்சாலையில் 1980-இல் கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அங்கே அலுவலகங்களும் 'ஹெரால்டு அவென்யூ' என்று ஒரு தெருவும் இருக்கின்றன. 1962-இல் அங்கேயிருந்துதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஹெரால்டை வரைந்த இத்தாலிக்காரர் மிக்கெலாட்டிதான் இதையும் வரைந்தார். உள்ளே இருக்கும் இன்ஜினும் ஹெரால்டுக்குச் சொந்தத் தம்பி. நம் ஊர் ஹெரால்டு 948 சிசி, போர் (பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம்) 63 மில்லிமீட்டர். என்னிடம் இருக்கும் மூன்றாம் மார்க் ஸ்பிட்ஃபயர் 1296 சிசி, போர் 73.7. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டுக்கும் அதே 76. கார்ப்பரேட்டர் ஒன்றுக்கு இரண்டு, அவ்வளவுதான். சித்தப்பா இருந்து பார்த்திருந்தால், "ஏண்டா, இது நம்ம ஹெரால்டுதானேடா" என்று சொல்லியிருப்பார்.

ரிட்டயர் ஆன கையோடு அந்த இன்ஜினை வீட்டு கராஜிலேயே இறக்கினேன். புகை தள்ளியது, எண்ணெய் குடித்தது, அதனால்தான். 'டொக்' சத்தம் என் வண்டியிலும் இரண்டு வருடமாக இருந்தது. கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் போயிருக்கும் என்று நானும் சும்மா இருந்தேன். உங்கள் கட்டுரையில் வந்தவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற மட்டும் பத்து நாள் எடுத்தது. அதைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகளில் துரு பிடித்து, ஹெட் கீழே இருக்கும் இன்ஜின் உடம்பான பிளாக்கோடு ஒன்றாகிவிட்டிருந்தது. தினமும் ராத்திரி துரு இளக்கும் எண்ணெய் விடுவது, காலையில் மரச் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டுவது. பதினொன்றாம் நாள் 'சர்க்' என்று ஒரு நூல் அளவு எழும்பியது. மகளை எழுப்பிக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அப்புறம் இன்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியான சம்பைக் கழற்றினோம். கறுத்த எண்ணெய்ச் சேற்றுக்குள் பிறை மாதிரி ஒரு தகடு கிடந்தது. "இது எங்கேருந்துப்பா விழுந்துச்சு?" என்று மகள் எடுத்துத் துடைத்தாள். பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அதுதான் த்ரஸ்ட் வாஷர்.

இந்த இன்ஜினின் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, மூன்று மெயின் பேரிங்கில் ஓடுகிறது. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வது பின் பேரிங்கின் இரண்டு பக்கமும் செருகியிருக்கும் இரண்டு அரைவட்ட வாஷர்கள் மட்டும்தான். முழுவட்டம்கூட இல்லை, பாதி. நாம் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் அந்த அழுத்தம் கிராங்கை ரேடியேட்டர் பக்கம் தள்ளுகிறது. அதை மொத்தமாகத் தாங்குவது பின்பக்க வாஷர். அது தேய்ந்து தேய்ந்து மெலிந்து, ஒரு நாள் இடத்தைவிட்டு நழுவி சம்பில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு கிராங்க் நேராக பிளாக்கின் மேல் உராயும். பிளாக்கைத் தின்ன ஆரம்பித்தால் பழைய இரும்புக் கடைதான். எனக்கு லேசான கீறலோடு போயிற்று.

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர் 20 தவ் பெரிதாக்கி, புது பிஸ்டன், புது ரிங். (ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் 'தவ்' என்போம்.) கிராங்கை 10 தவ் கிரைண்ட் பண்ணக் கொடுத்தேன். எங்கே என்று சொல்லப்போவதில்லை. சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறோம் என்று பில்லில் எழுதி, அதற்குத் தனியாகக் காசும் வாங்கிக்கொண்டார்கள். கிராங்குக்குள் எண்ணெய் போகும் துளைகளில் நான் மெல்லிய பிரஷ் விட்டு இழுத்தபோது கண்மை மாதிரி சாணைப் பொடி வந்தது. அப்படியே மாட்டியிருந்தால் புது பேரிங் எல்லாம் ஒரே வாரத்தில் போயிருக்கும். யார் கழுவிக் கொடுத்தாலும் நாம் ஒரு தடவை கழுவ வேண்டும்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். முன் பேரிங்குக்குக் கீழே எண்ணெய் கசியாமல் அடைக்க ஓர் அலுமினியக் கட்டை இருக்கிறது. அதன் இரண்டு ஓரத்திலும் இடைவெளியை அடைப்பது மரத்துண்டு! பசை தடவி, சின்ன மர ஆப்பை அடித்து இறக்கி, நீட்டிக்கொண்டிருப்பதை பிளேடால் சமமாகச் சீவிவிட வேண்டும். கார் இன்ஜினுக்குள் தச்சு வேலையா என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் சீவியது அவள்தான். இன்று வரை அங்கே ஒரு சொட்டு ஒழுகவில்லை.

த்ரஸ்ட் வாஷரை மாட்டும்போதும் அவள்தான் என்னைக் காப்பாற்றினாள். அதில் ஒரு முகத்தில் எண்ணெய் நிற்க வரிப்பள்ளம் இருக்கும். அந்த முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும், வெறும் இரும்பு முதுகு பிளாக்கைப் பார்க்க வேண்டும். நான் அவசரத்தில் ஒன்றைத் திருப்பிச் செருகிவிட்டேன். "அப்பா, இதுல மட்டும் கோடு தெரியலையே" என்றாள். கழற்றி மாட்டினேன். ஒன்று சாதா அளவு, இன்னொன்று 5 தவ் தடித்தது. நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து, ஸ்க்ரூடிரைவரால் கிராங்கை நெம்பிப் பார்த்தால் 6 தவ் ஆட்டம், அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். கழற்றுவதற்கு முன்னால் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஆடியது, கண்ணாலேயே தெரிந்தது. 6 எங்கே, அது எங்கே!

சரி, அந்த வெள்ளை ஹெரால்டுக்காரர் செய்ய வேண்டியது இதுதான். இன்ஜினை நிறுத்திவிட்டு, பானெட்டைக் கவிழ்த்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்து மிதித்து விடட்டும். இன்னொருவர் முன்னால் நின்று, கிராங்கின் முன் நுனியில் இருக்கும், ஃபேன் பெல்ட் ஓடும் கீழ் புல்லியைப் பார்க்கட்டும். புல்லி முன்னும் பின்னும் போவது கண்ணுக்குத் தெரிந்தால் வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பைசா செலவில்லாத சோதனை இது. வாஷர் இன்னும் விழாமல் இருந்தால் இன்ஜினை இறக்கவும் வேண்டாம். வண்டிக்குக் கீழே படுத்து, சம்பைக் கழற்றி, பின் பேரிங் கேப்பை எடுத்தால் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதைச் செருகிவிடலாம். விவரம் தெரிந்த மெக்கானிக்குக்கு ஒரு நாள் வேலை.

கட்டுரை எழுதியவர் மூலம் இதை அவருக்கு எட்டவைக்க முடியுமா? இதற்குள் அவர் சோதித்துப் பார்த்து, புல்லி அசையவில்லை என்றால் ரொம்ப நல்லது. எப்படியிருந்தாலும் சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்க வேண்டாம், நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போதும் அப்படியே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கவென்ட்ரி, இங்கிலாந்து.