அந்தத் துப்பாக்கி வெடிக்காது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

சூர்யா சென் தலைமையில் வங்காளப் புரட்சியாளர்கள் ஆங்கிலேயரின் ஆயுதக் கிடங்குகள் மேல் நடத்திய சிட்டகாங் தாக்குதலைப் பற்றிய உன் நாடகத்தைப் படித்தேன். மூன்றாம் காட்சி முழுக்க இயந்திரத் துப்பாக்கி சடசடக்கிறது. அதைத் தூக்கிவிடு. 1930 ஏப்ரல் 18 இரவு, ஆங்கிலேயரின் துணைப்படை ஆயுதக் கிடங்கில் லூயிஸ் என்ற இயந்திரத் துப்பாக்கிகள் கிடைத்தது உண்மைதான். ஆனால் அவற்றுக்குப் போடத் தோட்டா கிடைக்கவில்லை. துப்பாக்கியை ஓரிடத்திலும் தோட்டாவை வேறிடத்திலும் பூட்டிவைப்பது ராணுவப் பழக்கம். கதவை உடைத்து, உள்ளே போய், தேடித் தேடிக் கைவிரித்து நிற்கிறார்களே, அதுதான் உன் காட்சி. மிஞ்சியவை போலீஸ் ஆயுதக் கிடங்கில் பிடித்த மஸ்கட்டுகள் என்ற பழைய நீளத் துப்பாக்கிகள்.

சுமார் 65 பேர், பல குழுக்கள். இலக்குகள்: இரண்டு கிடங்குகள், தொலைபேசி-தந்தி நிலையம், ரயில் தண்டவாளம், ஐரோப்பியர் கிளப். ஆங்கிலேயருக்கு எதிரான அயர்லாந்தின் 1916 ஈஸ்டர் எழுச்சியை நினைத்துப் புனித வெள்ளியாகப் பார்த்து நாள் குறித்தார்கள். அதுவே வினையானது: பண்டிகை நாளாதலால் கிளப்பில் ஆளில்லை. தந்திக் கம்பியை அறுத்தவர்கள், துறைமுகக் கப்பலில் வயர்லெஸ் இருப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. கல்கத்தாவுக்குச் செய்தி அந்த வழியாகப் போய்விட்டது.

இன்னொன்றையும் நீ விட்டுவிட்டாய். போலீஸ் கிடங்கைக் கொளுத்தும்போது ஹிமாங்சு சென் மேல் தீப்பிடித்தது. அவரைக் காப்பாற்ற கணேஷ் கோஷும் அனந்த சிங்கும் காரில் ஊருக்குள் விரைந்தார்கள். திரும்பிச் சேர முடியவில்லை. முக்கியத் தளபதிகள் இல்லாமலே மற்றவர்கள் மலையேறினார்கள். சோறு தண்ணீர் சரியாக இல்லாத நான்காம் நாள், 22ஆம் தேதி, ஜலாலாபாத் குன்றைப் பட்டாளம் சூழ்ந்தது. சுட்டுக்கொண்டிருக்கும்போதே மஸ்கட்டுகள் அடைத்துக்கொண்டன. 12 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹரிகோபால், அன்று தலைமையேற்ற லோகநாத் பாலின் தம்பி.

அங்கிருந்து நேரே தூக்குமேடைக்குத் தாவியிருக்கிறாய். நடுவில் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள், சூர்யா சென் அதே மாவட்டத்துக் கிராமங்களில்தான் ஒளிந்திருந்தார். சோறு போட்டவர்களில் முஸ்லிம் குடியானவர்கள் ஏராளம். 1933 பிப்ரவரி 16 அன்று கைரலா கிராமத்தில் பிடிபட்டதும் காட்டிக்கொடுக்கப்பட்டதால்தான். தூக்கு 1934 ஜனவரி 12.

கடைசியாக உடுப்பு. சூர்யா சென் பள்ளி ஆசிரியர். அவரை அழைத்த 'மாஸ்டர்தா' என்றால் வாத்தியார் அண்ணன். தாக்குதல் இரவில் கொடியேற்றி அணிவகுப்பு மரியாதையை ஏற்றபோது உடுத்தியிருந்தது வெள்ளைக் கதர் வேட்டி, நீளக் கோட்டு, காந்தி குல்லா. காக்கியை மற்றவர்களுக்குக் கொடு. குல்லாவை மட்டும் விறைப்பாக இஸ்திரி போடச் சொல்.

அன்புடன்,
அண்ணன்