ஏரி மாவட்டத்தை நடந்து பார்க்கும் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டத்தைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். விண்டர்மியர் ஏரியில் படகுச் சவாரி, கரையோரக் கடைவீதி, இருட்டுவதற்குள் மான்செஸ்டருக்குத் திரும்பும் பேருந்து என்று ஒரே நாளில் முடிந்துவிடும் சுற்றுலாவைக் கட்டுரையாளர் அழகாகவே விவரித்திருந்தார். ஆனால் அம்மலைகளில் நடப்பது பயிற்சி பெற்ற மலையேறிகளால் மட்டுமே முடியும் என்றும், மேய்ச்சல் நிலங்கள் தனியாருக்குச் சொந்தமானவை ஆகையால் சாலையை விட்டு இறங்காதிருப்பதே நல்லது என்றும், மதுவும் உணவும் தரும் கிராமத்து விடுதிகளான பப்புகள் குடும்பத்துடன் நுழையத் தகுந்தவை அல்ல என்றும் போகிற போக்கில் அவர் சொல்லியிருக்கும் மூன்று கருத்துகளும் வாசகர்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும். வடக்கு இங்கிலாந்தில் நெடுங்காலம் செவிலியராகப் பணிபுரிந்து, கோடைதோறும் அந்த மலைகளில் நடந்துவருபவள் என்ற முறையில், இவற்றுக்கு மறுப்பு எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

நிலம் தனியாருடையது என்பது பெருமளவு சரிதான். 1951-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டு, இன்று 2,362 சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்டிருக்கும் ஏரி மாவட்டத் தேசியப் பூங்கா, மக்களை வெளியேற்றிவிட்டு வனத்துறை காவல் காக்கும் காடு அன்று. அங்கே ஊர்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, தலைமுறை தலைமுறையாக ஆடு வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நிலத்தில் பெரும்பங்கு விவசாயிகளிடமும், நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையிடமும், குடிநீர் நிறுவனத்திடமும் உள்ளது. ஆயினும் அந்நிலங்களின் ஊடே செல்லும் பொது நடைவழிகள் சட்டப்படி சாலைகளுக்கு நிகரானவை. ஒருவருடைய மேய்ச்சல் நிலத்தின் நடுவிலும், சில இடங்களில் அவருடைய வீட்டு முற்றத்தின் வழியாகவும்கூட அவ்வழி செல்லும். அதில் நடப்பவர் யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை, யாருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. வயலின் குறுக்கே செல்லும் நடைவழியை உழ நேர்ந்தால், 14 நாட்களுக்குள் அதனை மீண்டும் நடக்கத் தக்கதாக ஆக்கித் தர வேண்டிய பொறுப்பு உழவருடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இத்தகைய வழிகள் பதிவாகியுள்ளன. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தில் அவை ஒவ்வொன்றும் விட்டுவிட்டுச் செல்லும் பச்சை நிறக் கோடுகளாகக் காட்டப்பட்டிருக்கும். அந்த வரைபடம் எந்தச் சிறு நகரத்துப் புத்தகக் கடையிலும் கிடைக்கும்.

இந்த உரிமை நில உடைமையாளர்கள் மனமுவந்து கொடுத்ததன்று. கெஸ்விக் நகரை அடுத்துள்ள லாட்ரிக் என்னும் சிறு குன்றின் பாதையை, அதனை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பம் அடைத்தபோது, 1887 அக்டோபரில் ஏறத்தாழ 2,000 பேர் திரண்டு, தடைகளை அகற்றிவிட்டு உச்சிக்கு நடந்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை சென்று, பின்னர் உடன்பாட்டில் முடிந்து, பாதை திறந்தது. அவ்வூர் நடைவழிப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராக இருந்த பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி, 1895-இல் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர் ஆகியோருடன் சேர்ந்து நேஷனல் டிரஸ்டைத் தொடங்கினார். அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின், 1932 ஏப்ரல் 24 அன்று, தெற்கே பீக் மாவட்டத்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் மான்செஸ்டர் தொழிலாளர்கள் சில நூறு பேர் தடையை மீறி ஏறினார்கள். அவர்களில் ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். ஆலைப் புகையில் வாரம் முழுவதும் உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மலையில் நடக்க விரும்பியதற்காகச் சிறை சென்றார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. தேசியப் பூங்காக்களுக்கும் நடைவழிப் பதிவேடுகளுக்கும் வழிவகுத்த 1949-ஆம் ஆண்டுச் சட்டமும், மலை, மேட்டுநிலம், பொது மேய்ச்சல் நிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்று அறிவித்த 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்போராட்டங்களின் தொடர்ச்சியே. அந்த உரிமைக்கு நிறமும் இனமும் கிடையாது. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அது பொருந்தும்.

அடுத்து, மலையேறிகளுக்கு மட்டுமே என்ற கருத்து. இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக்கின் உயரமே 978 மீட்டர்தான். சிகரமே வேண்டாம் என்பவர்களுக்குப் பள்ளத்தாக்குகளை இணைத்துக்கொண்டு செல்லும் கம்ப்ரியா வே என்னும் நெடுநடைவழி இருக்கிறது. அல்வர்ஸ்டன் என்னும் சந்தை நகரில் தொடங்கி, கார்லைல் நகரில் முடியும் அதன் நீளம் ஏறத்தாழ 112 கிலோமீட்டர். பெரும்பாலோர் அதனை ஐந்து நாட்களாகப் பிரித்து, ஒவ்வோர் இரவும் ஒரு கிராமத்து விடுதியில் தங்கி நடக்கிறார்கள். இரு முனைகளிலும் ரயில் நிலையம் உண்டு. பெட்டிகளைக் காலையில் ஒரு விடுதியில் எடுத்து மாலைக்குள் அடுத்த விடுதியில் சேர்த்துவிடும் வண்டிகளும் உண்டு. எனவே தோளில் சுமக்க வேண்டியது மழை அங்கி, மாற்றுத் துணி, தண்ணீர், மதிய உணவு ஆகியவை மட்டுமே.

முதல் நாள் பாதை கோனிஸ்டன் ஏரியின் மேற்குக் கரையை ஒட்டிக் கருவாலி மரங்களின் நிழலிலேயே நீண்ட தூரம் செல்கிறது. அதிவேகப் படகில் நீர்வேகச் சாதனைக்கு முயன்று 1967 ஜனவரியில் டொனால்ட் கேம்ப்பெல் உயிரிழந்தது இந்த ஏரியில்தான். அவருடைய உடல் 2001-இல்தான் மீட்கப்பட்டு, கோனிஸ்டன் ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த நாள் டார்ன் ஹவ்ஸ் என்னும் அழகிய நீர்நிலையைக் கடந்து கிரேட் லாங்டேல் பள்ளத்தாக்கினுள் பாதை நுழைகிறது. இந்தப் பகுதி இன்று கட்டடங்களால் நிறைந்துவிடாமல் திறந்த வெளியாக இருப்பதற்கு, குழந்தைக் கதைகளால் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர் 1930-இல் இப்பண்ணை நிலங்களை வாங்கியதும், 1943-இல் தாம் இறக்கும்போது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுச் சென்றதும் முக்கியக் காரணங்கள். பள்ளத்தாக்கின் வடபுறம் செங்குத்தாக எழும் பைக் ஆஃப் ஸ்டிக்கில் மலையின் எரிமலைப் பாறையைப் புதிய கற்கால மக்கள் உடைத்துக் கோடரிகள் செய்தார்கள். அக்கோடரிகள் பிரிட்டன் முழுவதிலும் அயர்லாந்திலும் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. அவ்வளவு தொலைவுக்கு அவை கைமாறிச் சென்ற காலத்திலேயே இந்த மலைகளின் குறுக்கே மனிதர்கள் நடந்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்தான் இப்பயணத்தின் உயிர் என்பது என் கருத்து. ஏறத்தாழ 480 மீட்டர் உயரமுள்ள ஸ்டேக் கணவாயை வளைந்து வளைந்து ஏறிக் கடந்தால், அதன் மறுபுறம் லாங்ஸ்ட்ராத் ஓடையுடன் இறங்கி, பாரோடேல் பள்ளத்தாக்கை அடையலாம். அங்கே பென்சிலுக்கு உதவும் கிராஃபைட் தோண்டப்பட்டதால்தான் கெஸ்விக் நகரில் பென்சில் தொழில் வளர்ந்தது. வழி நெடுகச் சாந்தில்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய மதில்கள் செங்குத்தான சரிவுகளிலும் ஏறிச் செல்கின்றன. அவற்றுக்கு மேலே வேலியே இல்லாத மலையில் மேயும் ஹெர்ட்விக் ஆடுகள், தங்கள் எல்லையைத் தாய் ஆட்டிடமிருந்தே கற்றுக்கொண்டு, அதை விட்டு விலகாமல் வாழ்கின்றன. 2001-இல் கோமாரி நோய் பரவியபோது இத்தகைய மந்தைகள் பல கொல்லப்பட்டன. அவற்றோடு அந்த எல்லை அறிவும் அழிந்துவிடுமோ என்று மேய்ப்பர்கள் அஞ்சினார்கள். எனவே வழியிலுள்ள கதவு திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்வது, கன்றுடன் நிற்கும் பசுக்களை விட்டு ஒதுங்கிச் செல்வது, குப்பையைத் திரும்பக் கொண்டுவருவது ஆகியவற்றை நடப்பவர்கள் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரோடேலின் கோடியிலுள்ள சீத்வெயிட், இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலேயே அதிக மழை பெறுவது. அங்கே ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். ஜூன் மாதத்திலும் மேகம் இறங்கி வழியை மறைக்கலாம். மழை அங்கி, பிடிமானமுள்ள காலணி, வரைபடம், திசைகாட்டி, டார்ச் விளக்கு ஆகியவை இல்லாமல் கணவாயில் ஏறக் கூடாது. மேகம் மூடினால் திரும்பிவிட வேண்டும். ஆபத்து நேர்ந்தால் 999 எண்ணை அழைத்து, காவல்துறை வழியாக மலை மீட்புக் குழுவைக் கேட்க வேண்டும். அக்குழுவினர் ஊதியம் வாங்காத உள்ளூர்த் தொண்டர்கள். அவர்களை நள்ளிரவில் மலையேற வைக்காதிருப்பது நம் பொறுப்பு. கோடையில் இரவு 9.30 மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருப்பதால், நிதானமாக நடக்க நேரம் தாராளமாகவே உண்டு.

இனி, பப்புகள். நம்மவர்களின் தயக்கத்தை நான் நன்கு அறிவேன். மதுக்கடை என்றால் குடும்பங்களைச் சீரழித்த இடம் என்றுதான் நம் அனுபவம் நமக்குச் சொல்லியிருக்கிறது. அந்த அனுபவம் பொய்யன்று. ஆனால் இந்த மலையடிவாரங்களில் உள்ள பப், பழைய நாளில் நம் பெருவழிகளில் இருந்த சத்திரத்தைப் போன்றது: அங்கே சோறு உண்டு, படுக்கை உண்டு, நனைந்த உடையை உலர்த்த அடுப்பு உண்டு. லாங்டேலில் உள்ள ஓல்டு டஞ்சன் கில் விடுதியில் நடைப்பயணிகளுக்கான கூடம் முன்பு மாட்டுத் தொழுவமாக இருந்தது. அந்த இடத்தை வரலாற்றாசிரியர் ஜி. எம். டிரெவெல்யன் வாங்கி நேஷனல் டிரஸ்டுக்கு அளித்தார். கற்பலகை பாவிய தரையில் சேற்றுக் காலணியுடன் நுழைந்தாலும் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. பரிமாறும் மேடைக்குச் சென்று கேட்டு, பணம் கொடுத்து, வாங்கி வந்து அமர வேண்டும் என்பது முறை. தேநீரோ பழச்சாறோ கேட்பவரை எவரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. மரக்கறி உணவு ஏறக்குறைய எல்லா இடங்களிலும் உண்டு. ஆனால் சமையலறையை ஒன்பது மணிக்குள் மூடிவிடுவார்கள் என்பதால் காலத்தோடு போய்ச் சேர வேண்டும். தனியாக வந்த பெண்களும், குழந்தைகளுடன் வந்த பெற்றோரும், காலடியில் நாயைப் படுக்க வைத்த முதியவர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்து, மறுநாள் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். தனியாகச் சென்று அமர்ந்த பெண்களில் நானும் ஒருத்தி. எனக்கு அங்கே மரியாதைக் குறைவு எதுவும் நேர்ந்ததில்லை.

ஊர் வாழ்வில் இவ்விடுதிகளுக்கு இருந்த இடத்துக்கு மார்டேல் என்னும் கிராமம் சான்று. மான்செஸ்டர் நகரின் குடிநீருக்காக 1930-களில் ஹாஸ்வாட்டர் ஏரியின் குறுக்கே அணை எழுந்தபோது, அந்தக் கிராமத்தின் தேவாலயமும் டன் புல் என்னும் விடுதியும் இடிக்கப்பட்டு, ஊர் இருந்த இடம் நீரில் மூழ்கியது. மேய்ப்பர்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடி, வழிதவறி வந்து சேர்ந்த ஆடுகளை உரியவர்களிடம் ஒப்படைத்த கூட்டம் நடந்தது அந்த விடுதியில்தான். ஊர் போன பிறகும் கூட்டம் நின்றுவிடவில்லை; அருகிலுள்ள பாம்ப்டனுக்கு மாறிச் சென்றது.

இவற்றையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் தேசியப் பூங்காக்களைப் பற்றி ஜூலியன் குளோவர் தலைமையில் அரசு அமைத்த குழு 2019-இல் அளித்த அறிக்கை, சிறுபான்மை இனத்தவர் அங்கே மிகக் குறைவாகவே செல்கிறார்கள் என்று கவலை தெரிவித்தது. நம் குடும்பங்களிலும் இதைக் காண்கிறேன். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் விண்டர்மியர் படகுத்துறை வரை அழைத்துச் சென்று, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து அரை மணி நேரம் நடந்தால் கிடைக்கும் அமைதியையும் காட்சியையும், அந்நாட்டில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள்கூட அறியாமல் இருக்கிறார்கள். இந்த நிலையில், சாலையை விட்டு இறங்க வேண்டாம் என்று மதிப்புள்ள ஒரு தமிழ் நாளிதழே சொன்னால், ஏற்கெனவே தயங்கி நிற்பவர்கள் மேலும் பின்வாங்கவே செய்வார்கள்.

ஆகவே, அடுத்த கோடை தொடங்குவதற்கு முன்பாக, பொது நடைவழிச் சட்டம், கெஸ்விக்குக்கும் விண்டர்மியருக்கும் இடையே ஓடும் 555-ஆம் எண் பேருந்து, டஞ்சன் கில் வரை செல்லும் 516-ஆம் எண் பேருந்து, மலைப் பாதுகாப்பு விதிகள், தங்கும் விடுதிகளில் முன்பதிவு செய்யும் முறை ஆகியவற்றை விளக்கும் கட்டுரை ஒன்றைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதியோரும் சக்கர நாற்காலியில் செல்வோரும் சுற்றிவரத்தக்க டார்ன் ஹவ்ஸ் பாதையையும் அதில் மறவாமல் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பிரஸ்டன், இங்கிலாந்து.